நான் பெயர் போடாத புத்தகம்

கடிதம் பள்ளிக்கூடத்து முகவரிக்கு வந்தது. எனக்கு முதல் கோபம் அதில்தான். வீட்டுக்கு அனுப்பியிருந்தால் நானும் என் கணவரும் மட்டும் படித்திருப்போம். பள்ளிக்கூடத்துக்கு வந்தபடியால் அலுவலகத்தில் பிரித்து, அதிபர் வாசித்து, மேசைக்கு மேசை ஒரு பார்வை பார்க்கப்பட்டு, ஆறாம் பாடவேளையில்தான் என் கைக்கு வந்தது. அதற்குள் கல்முனைக்குடியில் பாதிப்பேருக்குத் தெரிந்திருக்கும்.

பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதம். என் முதுகலை ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம், ஓர் ஆய்வரங்கத் தொகுதியில் ஏற்கெனவே வெளிவந்த கட்டுரை ஒன்றோடு பல பக்கங்களில் சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கிறதாம். விசாரணைக்கு வந்து விளக்கம் தரவேண்டுமாம். அதுவரை பட்டம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதாம். நல்ல தமிழில், ஒரு பிழை இல்லாமல், என்னைக் கள்ளி என்று எழுதியிருந்தார்கள்.

நான் புவியியல் ஆசிரியை. பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து ஆற்றை வரைந்த பிள்ளையை எழுப்பி நிறுத்துகிறவள். சனி, ஞாயிறுகளில் வகுப்புக்குப் போய், மூன்று பிள்ளைகளுக்கும் சோறாக்கி வைத்துவிட்டு எழுதிய ஆய்வேடு அது. இறக்காமத்துப் பக்கம் நெற்செய்கை பண்ணுகிறவர்கள் பூச்சிகளை எப்படி அறிந்து வைத்திருக்கிறார்கள் என்பது தலைப்பு.

அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்துப் படித்தேன். எழுதியவர் வேறொரு நிறுவனத்தில் பெரிய பதவியில் இருக்கும் ஒரு சேர். மேடைகளில் முன்வரிசைக் கதிரை அவருக்கென்றே விடப்பட்டிருக்கும். முதல் பந்தியைப் படிக்கும்போதே தெரிந்துவிட்டது. அது நான் எழுதியது. ஆய்வேட்டுக்கு முன்னரே நான் எழுதி அச்சடித்த ஒரு சின்னக் கைநூலிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. அந்தப் பந்திகளைத்தான் நானும் ஆய்வேட்டில் விரித்து எழுதியிருந்தேன். என்னுடைய எழுத்தை நானே களவெடுத்ததாகத்தான் வழக்கு.

கைநூலைக் காட்டிவிட்டால் முடிந்ததே என்று நினைப்பீர்கள். அங்கேதான் நான் செய்த பிழை இருக்கிறது. அந்தக் கைநூலில் என் பெயர் இல்லை.

எங்கள் ஊரில் இருப்பவர்களுக்கு இது புதினமில்லை. பள்ளிவாசலுக்கு மின்விசிறி கொடுத்தவர் பெயர் எழுதமாட்டார், 'அல்லாஹ்வின் அடியான் ஒருவர்' என்றிருக்கும். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒழுச் செய்யும் இடத்துக்கு மாபிள் பதித்தவரும் அடியான் ஒருவர்தான். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது, பெயருக்காகச் செய்தால் முகஸ்துதி, நன்மை எல்லாம் காற்றோடு போய்விடும். இப்படிக் கேட்டு வளர்ந்தவள் நான். வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போனபோது அவர் பேரில் ஏதாவது நிலைத்த தர்மம் செய்ய ஆசைப்பட்டேன். வாப்பா மருந்தை நம்பி வெள்ளாமை செய்த மனிதர். வயலில் எது பறந்தாலும் மருந்துதான். அவருக்காக, எந்தப் பூச்சிக்கு மருந்தடிக்க வேண்டும், எதைச் சும்மா விடவேண்டும் என்று சொல்லும் புத்தகம் ஒன்றை எழுதி விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்தேன். அட்டையில் 'அல்லாஹ்வின் அடியாள் ஒருவர்' என்று போட்டேன். உள்ளே, 'யாரும் பிரதி எடுக்கலாம், பகிரலாம். துஆச் செய்யுங்கள்' என்று பிரார்த்தனையும் கேட்டு எழுதினேன். தேதிகூடப் போடவில்லை. மார்க்க விசயத்தில் அவ்வளவு பேணுதல்!

அச்சகத்துக்காரரிடம் போனேன். கடைக் கம்பியூட்டரை மாற்றிவிட்டாராம், பழைய கோப்பு ஒன்றும் இல்லையாம்.

"ஒங்கட புத்தகம்தான் டீச்சர், எனக்குத் தெரியாதா? வாயால ஆயிரம் தரம் செல்லுவன். எழுதித் தரச் செல்லாதீங்க. அந்த சேரும் எங்களிட்டத்தான் அச்சடிக்கிற."

படங்கள் எடுத்த பழைய கைத்தொலைபேசி வாய்க்காலில் விழுந்து செத்து எத்தனையோ நாள். ஆய்வை மேற்பார்வை செய்த மேடம் என்னை நம்பினார். ஆனாலும் கையை விரித்தார். "பேரும் இல்ல, திகதியும் இல்ல. என்னத்தக் காட்டி நிரூபிக்கப் போறீங்க?" என்றார்.

வீட்டில் இவர் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரிய அடி. அந்த சேர் ஒரு காலத்தில் இவருக்குப் படிப்பித்தவர்.

"இஞ்ச பாரு. நீ அல்லாவுக்காகக் குடுத்த. குடுத்தத்தத் திருப்பிக் கேக்கலாமா? பிரதி எடுக்கலாமெண்டு நீதானே எழுதி வெச்ச. சபுர் செய். அந்த அத்தியாயத்த மாத்தி எழுதிக் குடுத்துட்டுப் பட்டத்த எடு."

"பள்ளிக்குக் குடுத்த ஃபேன்ட காத்த ஆரும் வாங்கலாம். கழட்டிக் கொண்டுபோய்த் தன்ட வீட்டு ஹோல்ல மாட்டிட்டு, நான்தான் வாங்கினன் எண்டு செல்லலாமா?"

அவர் சேட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சொல்ல ஒன்றுமில்லை என்பதால் அல்ல. பெண்சாதியோடு வாதாடி வென்ற ஆண்பிள்ளை எங்கள் தெருவில் இல்லை என்பதால்.

சபுர் என்றால் பொறுமை. அது வாயை மூடிக்கொண்டிருப்பது என்று யார் சொன்னது? எனக்கு அந்தச் சொல்லை வைத்து என்னைப் பூட்டப் பார்த்ததில்தான் நெஞ்சு எரிந்தது. அடுத்த நாள் ஓய்வுப் பாடவேளையில் புலமைச் சொத்துச் சட்டத்தை இணையத்திலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். சட்டத் தமிழைப் படிப்பது மண் கலந்த அரிசி அரிப்பது போன்றது. ஒரு வசனத்தை மூன்று தரம் அரிக்கவேண்டும். பக்கத்து மேசை விஞ்ஞான ஆசிரியை, "என்ன டீச்சர், லோயருக்குப் படிக்கிறீங்களா?" என்று கேட்டார். "ஓம், கேஸ் இருந்தா கொண்டுவாங்க" என்றேன்.

அரித்தெடுத்ததில் சில கிடைத்தன. பதிப்புரிமைக்குப் பதிவு வேண்டியதில்லை, முத்திரை வேண்டியதில்லை. எழுதியபோதே அது எழுதியவருக்குப் பிறந்துவிடுகிறது. எழுதியவருக்கு அந்த எழுத்தை வைத்துப் பிழைக்கும் உரிமை ஒன்று, அது என்னுடையது என்று சொல்லும் உரிமை வேறொன்று. முதலாவதை விற்றாலும் கொடுத்தாலும் இரண்டாவது எழுதியவரோடுதான் நிற்கும். பிறகு அந்த வரி. தன் பெயரைப் போடும்படி கேட்க எழுதியவருக்கு உரிமை இருப்பதைப்போல, தன் பெயரைப் போடாமல் விடவும் அவருக்கு உரிமை இருக்கிறது.

மேசையில் அடித்துவிட்டேன். தேநீர்க் கோப்பை ஆடியது. நான் பெயர் போடாதது என் உரிமை! அதை நான் பாவித்தேன். யாரோ வந்து தன் பெயரைப் போட்டுக்கொள்ள நான் விட்டுவைத்த வெற்றிடமல்ல அது. என்னுடைய பேணுதலை இன்னொருவர் ஓட்டை என்று நினைத்தால் அந்தப் பிழை என்னுடையதா?

ஆனால் அதே சட்டத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் இருந்தது. கருத்துக்கும் தகவலுக்கும் இந்த உரிமை இல்லை, அவற்றைச் சொன்ன விதத்துக்குத்தான். அதன் கனம் எனக்கு அப்போது விளங்கவில்லை. இறக்காமத்துக்குப் போனபோதுதான் விளங்கியது.

அங்கே ஒரு வட்டை விதானை இருந்தார். ஒரு வயல்வெளிக்குத் தண்ணீர் பங்கிட்டுவிட விவசாயிகள் தெரிந்தெடுக்கும் பொறுப்பாளரை அப்படிச் சொல்வோம். கைநூலில் இருந்த பாதி விசயம் அவர் சொன்னதுதான். நான் அவரிடம் வந்து குறிப்பெடுத்தேன் என்று ஒரு கடிதம் வாங்கத்தான் போனேன். வரம்பில் தண்ணீர் பாய வெட்டிய வக்கடையில் மண்வெட்டியோடு நின்றார். நடந்த முழுவதையும் சொன்னேன். அந்த சேர் என் வசனங்களைக் கொப்பி அடித்ததையும் சொன்னேன். மனுசன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்.

"நான் சென்னத்த நீ எழுதின. நீ எழுதினத்த அவர் எழுதின. என்ட பேர ஆரு மகள் போட்ட?"

 வகுப்பில் சொல்வதைப்போல சட்டத்தைச் சொன்னேன். தகவலுக்கு உரிமை இல்லை, எழுத்துக்குத்தான் என்று.

"அப்ப சட்டம் ஒனக்கு நல்லம்" என்றார். "அறக்கொட்டி அடிச்சா மேல பாக்காத, தண்டும் தண்ணியும் தொடுற இடத்தப் பாரு எண்டு நான் சென்னது ஆர்ர?"

அறக்கொட்டி என்பது நெல்லின் அடித்தண்டில் கூட்டமாக இருந்து சாறு குடிக்கும் சின்னப் பூச்சி. மேலே பயிர் பச்சையாக நிற்கும், கீழே வேலை நடந்துகொண்டிருக்கும். பிறகு ஒரு நாள் வட்டம் வட்டமாக எரிந்ததுபோலாகிவிடும். அவர் சொன்ன அந்த வசனத்தை, அவருடைய வாய்ச்சொல்லாகவே, நான் கைநூலின் முதல் பக்கத்தில் வைத்திருந்தேன். 'ஒரு விவசாயி சொன்னார்' என்று. ஒரு விவசாயி! அவருக்கு நானும் 'அடியான் ஒருவர்' பட்டம் கொடுத்திருந்தேன். என் பெயரை மறைக்க எனக்கு உரிமை இருந்தது. அவருடைய பெயரை மறைக்க என்னிடம் யார் சொன்னார்?

வெட்கமாக இருந்தது. பெரிய சேரின் மேல் நான் எறிய வைத்திருந்த கல்லில் ஒன்று என் தலையிலேயே விழுந்தது.

"பேர் போடவா எண்டு உங்களிட்டக் கேக்கவே இல்ல நான். மன்னிச்சிக்கங்க" என்றேன்.

"அத விடு. எங்க, அவர்ட புத்தகத்தக் காட்டு."

கட்டுரையின் பிரதியை நீட்டினேன். எழுத்தை அவர் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தார். நெற்பயிரின் அடியை இரண்டு கைகள் விலக்கிப் பிடித்திருக்கும் படம். கீழே, 'கட்டுரையாளரின் ஆய்வு உதவியாளர் எடுத்த படம்' என்றிருந்தது. அவர் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு என் வலக்கையைப் பார்த்தார்.

"இது ஆர்ர விரல்?"

பத்து வயதில் அக்கரைப்பற்று பஸ்ஸின் கதவில் நசுங்கிய பெருவிரல் எனக்கு. நகம் அன்றிலிருந்து நடுவால் பிளந்து, இரண்டு நகமாகத்தான் வளரும். கலியாணத்துக்கு மருதோன்றி வைத்தவர்கள்கூட அதை மறைக்கப் பார்த்துத் தோற்றார்கள். அந்தப் படத்தில் நெற்தண்டைப் பிடித்திருந்தது அந்த நகம்தான். எத்தனையோ நாளாக அந்தப் பக்கத்தைப் பார்த்து எரிந்துகொண்டிருந்த நான், எழுத்தையே பார்த்தேனொழிய என் விரலைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தேன், அடியைப் பார்க்கவில்லை.

"நீ போனை என்னிட்டத் தந்துட்டு, ரெண்டு கையாலயும் வெலக்கிப் புடிச்ச. அமத்துங்க எண்ட. நான்தான் அமத்தின" என்றார் விதானை. "அவர்ட உதவியாளன் நான்தானா? சம்பளம் எங்கயாம்?"

விசாரணைக்கு அவரும் வந்தார். வெள்ளைச் சேட்டும் புதுச் சாரனும் உடுத்துக்கொண்டு, மண்டபத்துக்கு வெளியே நீண்ட வாங்கில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மூன்று பேர் கொண்ட குழு. மேடம் ஓர் ஓரத்தில். எதிரே பெரிய சேர். நான் உள்ளே வந்தபோது எழுந்து, "வாங்க தங்கச்சி, இருங்க" என்று அவர்தான் எனக்குக் கதிரை காட்டினார். அவர் வீட்டுக்கு நான் விருந்துக்குப் போனதைப்போல.

கட்டுரை முழுக்கத் தன்னுடைய சொந்த ஆய்வு என்றார். படமும் அப்படியே என்றார். நான் கைநூலை மேசையில் வைத்துப் படம் இருந்த பக்கத்தை விரித்தேன். பக்கத்தில் அவருடைய கட்டுரையை விரித்தேன். இரண்டுக்கும் நடுவில் என் வலக்கையை வைத்தேன்.

"இந்தப் பெருவிரல் சேருடைய ஆய்வு உதவியாளருடையதா என்று பாருங்கள்" என்றேன்.

குழுவின் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். மற்ற இருவரும் குனிந்தார்கள்.  நான் கையை எடுக்கவில்லை. நன்றாகப் பார்க்கட்டும் என்று அப்படியே வைத்திருந்தேன்.

"படம் எடுத்தவர் வெளியில் இருக்கிறார். கூப்பிட்டுக் கேளுங்கள். அந்தப் படத்துக்கு உரிமை கேட்க வேண்டியவர் நானும் இல்லை, அவர்தான்."

பெரிய சேரின் குரல் மாறியது. "அது... பேர் இல்லாத புத்தகம். ஆரும் பிரதி எடுக்கலாமெண்டு போட்டிருந்திச்சி. சமூகத்திர பொதுச் சொத்தெண்டு நெனச்சன்."

சொந்த ஆய்வு என்று சொன்ன வாய் காயுமுன் அதே வாயில் புத்தகம் வந்துவிட்டது! எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

"பிரதி எடுக்கலாமெண்டுதான் சேர் எழுதினன். நான்தான் எழுதினேனெண்டு செல்லலாம் எண்டு எழுதல்ல. பேர் இல்லாட்டி எழுதின ஆளும் இல்லையா? சட்டம் அப்பிடிச் செல்லல்ல. வாசிச்சுக் காட்டட்டா?"

வாசித்தும் காட்டினேன். பிறகு விதானையைக் கூப்பிட்டார்கள். எந்த வயல், எந்தப் போகம், யார் யார் நின்றார்கள் என்று எல்லாம் சொன்னார். போகும்போது பெரிய சேரைப் பார்த்து, "வயலுக்கு ஒரு நாள் வாங்க சேர். அறக்கொட்டியக் காட்டுறன்" என்றார். அதில் பகிடி எவ்வளவு, அழைப்பு எவ்வளவு என்று எனக்கு இன்றும் தெரியாது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. இரண்டு கிழமை கழித்துப் பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். 'பெயர் அறியப்படாத ஒரு கைநூலை இரு தரப்பினரும் பயன்படுத்தியதால் ஏற்பட்ட தவறான விளக்கம்' என்று அதில் எழுதியிருந்தது. இருவரும் ஒப்பமிட்டால் பட்டம் அந்த மாதமே வந்துவிடும். பெரிய சேர் ஏற்கெனவே ஒப்பமிட்டிருந்தார். பேனையின் மூடியைக்கூடக் கழற்றி நீட்டினார்கள், நான் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். அன்று பின்னேரம் சேர் தொலைபேசியிலும் எடுத்தார். அடுத்த கட்டுரையை இரண்டு பேரும் சேர்ந்து எழுதுவோம், என் பெயரையும் போடுவார் என்றார். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கதை.

ஒப்பமிடு என்றார் வீட்டில் இவர். ஒப்பமிடுங்கள் என்றார் மேடம். பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டும், நேர்முகப் பரீட்சை நெருங்குகிறது என்று அதிபரும் ஞாபகப்படுத்தினார். எல்லோரும் என் நன்மைக்குத்தான் சொன்னார்கள், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் ஒப்பமிடவில்லை.

தாளில் 'பெயர் அறியப்படாத' என்ற சொற்களின் கீழ் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில், 'அறியப்பட்டது. விசாரணையில் உங்கள் முன்னால் இருந்தது' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். வகுப்பில் கொப்பி திருத்துகிற சிவப்புப் பேனையால்.

பதவி உயர்வு அந்த முறை கிடைக்கவில்லை. ஊர் இரண்டாகப் பிரிந்து கதைத்தது. தர்மம் செய்துவிட்டுப் பேருக்கு அடிபடுகிறாள் என்று ஒரு கூட்டம். பெரிய மனிதரைச் சந்திக்கு இழுத்துவிட்டாள் என்று இன்னொரு கூட்டம். எனக்காகக் கதைத்தவர்களும் மெதுவாகத்தான் கதைத்தார்கள். சில இரவுகள் அழுதிருக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நாளாவது ஒப்பமிட்டிருக்கலாமே என்று நினைத்ததில்லை. இதை மார்தட்டித்தான் சொல்கிறேன். முகஸ்துதி என்றால் முகஸ்துதியாகவே இருக்கட்டும்.

அடுத்த பெரும்போகம் விதைக்கிற காலத்தில் கடிதம் வந்தது. இந்த முறை வீட்டு முகவரிக்கு. ஆய்வேடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. கட்டுரை தொகுதியிலிருந்து நீக்கப்பட்டது. காரணமாக ஒரே ஒரு வரி, அந்தக் கட்டுரை என் கைநூலிலிருந்து அனுமதியின்றி எடுக்கப்பட்டது என்று. என் பெயர் முழுதாக இருந்தது, வாப்பாவின் பெயரோடு. கடிதத்தை நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், ஆசிரியர் அறையில் மேசை மேசையாக எல்லோருக்கும் காட்டினேன். முதல் கடிதத்தைப் படித்தவர்கள் இரண்டாவதையும் படிக்கத்தானே வேண்டும்.

கைநூலை மறுபடி அச்சடித்தேன். அதே அச்சகம்தான். அச்சகத்துக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் கைப்பிரதியை வாங்கிக்கொண்டார். அட்டையில் என் பெயர். படத்தின் கீழே விதானையின் பெயர். முதல் பக்கத்தில் அந்த வசனத்தின் கீழும் அவர் பெயர். பின்னால், எனக்குச் சொல்லித்தந்த ஒவ்வொருவரின் பெயரும். கேட்டு, அவரவர் ஓம் என்ற பிறகு போட்டது. இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். அது அவர்கள் உரிமை, விட்டுவிட்டேன். 'யாரும் பிரதி எடுக்கலாம், பகிரலாம்' என்ற வரியை எடுக்கச் சொல்லி வீட்டில் இவர்கூடச் சொன்னார். எடுக்கவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான். 'எழுதியவர் பெயரோடு' என்ற இரண்டு சொல்லை மட்டும் சேர்த்தேன்.

முதல் பிரதியை விதானையிடம் கொண்டுபோனேன். வரம்பில் குந்தியிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தன் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு துஆச் செய்யுங்கள் என்ற வரியைக் கண்டார்.

"முந்தின புத்தகத்திலயும் துஆக் கேட்டு எழுதி இருந்த. நான் தொழுதுட்டு, அந்தப் புள்ளைக்கு எண்டுதான் கேப்பன். ஒன்ட பேர் எனக்குத் தெரியாது மகள். நீயும் செல்லல்ல, நானும் கேக்கல்ல."

அட்டையைத் திருப்பி என் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். ஒரு தரம் மெதுவாக, இன்னொரு தரம் சத்தமாக.

"இனிப் பேர் செல்லிக் கேக்கலாம்" என்றார்.